உறைந்த ஏரிக்குக் கருவாடு

பின்லாந்தில் படிக்கும் என் மகள், உறைந்த ஏரியின் மேல் நடந்தபடியே வீடியோ காலில் பேசினாள். அவள் காலடியில் பனி நொறுங்கிய சத்தம், பழவேற்காட்டு ஏரிக்கரையில் அம்மா காய்ந்த கருவாட்டைப் புரட்டும் சத்தம்போலவே இருந்தது.

எழுபதுகளில் ரஷ்யாவில் படித்த அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது, அங்கே உறைந்த ஏரிமேல் லாரியே ஓடும் என்றான். கருவாடு புரட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு லாரி பெரிதாகப் படவில்லை.

“அப்போ வலைய எங்கடா போடுவாங்க?”

“ஓட்டை போட்டு, தூண்டில வச்சிக்கினு உக்காந்திருப்பாங்கம்மா.”

“அய்யோ பாவம்! ஒண்ணு ஒண்ணா புடிச்சி, எப்போ ஆக்கித் துன்றது?”

அண்ணன் கிளம்பியபோது பெட்டியில் துணியைவிடக் கருவாடுதான் அதிகம். பாதி அவனுக்கு, மீதி அந்த ஏரிக்காரர்களுக்கு.

மகளிடம் கேட்டேன்: “அங்க யாராச்சும் தூண்டில் போட்டுக்கினு இருக்காங்களா?”

“ஒரு தாத்தா இருக்காரும்மா.”

“நீ எடுத்துக்கினு போன கருவாட்டுல அவருக்கும் கொஞ்சம் குடுத்துட்டு வாடி.”