மொட்டைத் தலையும் குங்குமமும்

திருப்பதி வீதியில் மொட்டையடித்த பெண்கள் நெற்றியில் குங்குமமும் தலையில் சந்தனமுமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு போவதை முதன்முதலில் பார்த்தபோது தெருவோரமாய் ஒதுங்கி நின்றுவிட்டேன். திருச்சியில் எங்கள் வீட்டுப் பக்கம் கணவனை இழந்தவளுக்குத்தான் தலையை மழிப்பார்கள். அவள் எதிரே வந்தால் சகுனம் பார்த்து ஒதுங்குவார்கள். இங்கே நிறுத்தி நலம் விசாரிக்கிறார்கள். என் கணவர் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தபோது என்னைக் கட்டிக்கொண்டு, பிறகு புத்தூரை அடுத்த தன் ஊருக்கே கூட்டி வந்துவிட்டார். உண்மையைச் சொல்கிறேன், இந்த ஊர் எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. சந்தையில் தெலுங்கு வராமல் தடுமாறினால் 'அரவம்' என்று, அதாவது தமிழச்சி என்று, ஏளனமாய் ஒரு பார்வை. திருச்சிக்குப் போனால் அங்கே நான் ஆந்திராக்காரி. சென்னைக்கும் ஆந்திராவுக்கும் எல்லை பிரிக்கும் தகராறில் எங்கள் கரும்புக் கொல்லை எந்த ராஜ்யத்துக்குப் போகும் என்பதே இன்னும் முடிவாகவில்லை.

போன வருஷம் அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று சென்னையில் ஒரு பக்கத்தை அறுத்து எடுத்தார்கள். அப்போது அவருடைய அண்ணன் ஒரு வேண்டுதல் வைத்தார்: நோய் முழுக்கத் தீர்ந்தபின் தம்பி திருப்பதி மலைக்கு முடி கொடுப்பான், அதுவரை தலையில் கத்தி படாது. முடி தோள்வரை வளர்ந்தது. நோயும் திரும்பி வந்தது. இந்த முறை மறுபக்க நுரையீரல், கல்லீரல், முதுகெலும்பு என்று பரவியிருந்தது. டாக்டர் எங்களை உட்காரவைத்து ஒளிக்காமல் சொன்னார்.

"இனிமே ஆபரேஷன் பிரயோஜனப்படாது. முதுகு வலிக்குக் கரண்ட், அதான் எக்ஸ்ரே கதிர், வைக்கலாம். நரம்புல போடுற ஊசி ஒண்ணு இருக்கு, கட்டி கொஞ்ச நாளைக்குச் சுருங்கலாம், மூச்சு வாங்குறது குறையலாம். குணமாகாது. வாந்தி வரும், ரத்தம் குறையும், முடி கொட்டலாம். எதுவும் வேண்டாம்னா வலிக்கு மட்டும் மருந்து தர்றேன், வீட்ல வெச்சுக்குங்க. அதுவும் தப்பில்ல."

என் கணவர் யோசிக்கவே இல்லை. "ஊசி போடுங்க சார். நம்ம கொல்லை எந்த ஸ்டேட்டுக்குப் போவுதுன்னு பாத்துட்டுத்தான் போவேன்."

அண்ணன் காதில் முடி கொட்டும் என்பது மட்டும்தான் விழுந்தது. ஊருக்கு வந்ததும் ஆரம்பித்தார். "மலைக்குன்னு நேந்துக்கினு வுட்ட முடி ஆஸ்பத்திரித் தலகாணில கொட்றதா? மொதல்ல மொட்டை, அப்பறம்தான் ஊசி."

"முதுகெலும்பு அரிச்சுப் போயிருக்கு, மலை பஸ்ல குலுங்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே மாமா?"

"வலி கொறைஞ்சப்பறம் இட்டுக்கினு போறேன்."

"அதுவரைக்கும் மூச்சு இருக்கணுமே!"

"நீ வெளியூர்க்காரி. எங்க சாமியப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்?"

ஸ்டேஷனுக்கு வண்டி கட்ட வேண்டியவர் அவர், அவர் மனம் வைக்காமல் சென்னைக்குப் போக முடியாது. பார்க்க வந்த உறவெல்லாம் அவர் பக்கம். வேண்டுதலைத் தள்ளிப்போட்டதால்தான் நோய் திரும்பியது என்று, மூச்சுக்குத் தவிக்கும் மனிதரின் காதுபடவே பேசினார்கள். ஒவ்வொருத்தரையும் வெளியே பிடித்துத் தள்ள வேண்டும்போல இருந்தது எனக்கு. "அவருக்குப் பதிலா பெண்டாட்டி முடி கொடுத்தா உங்க சாமி வாங்கிக்காதா?" என்று கேட்டுவிட்டேன். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மறுநாளே மலைக்குப் போனேன். பக்தி இல்லை, கோபம்தான். பிள்ளை வரத்துக்கா என்று நாவிதர் தெலுங்கில் கேட்டார். விளக்கிச் சொல்ல என் தெலுங்கு போதாது, ஆமென்று தலையாட்டினேன். நல்லது நடக்கும் என்று வாழ்த்திவிட்டுச் சிரைத்தார். அந்த வாரமே அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டி கட்டினார். ஊசி போட்டார்கள், கரண்டும் வைத்தார்கள். வாந்தியில் என்னவர் சுருண்டுபோனார், முடி கொத்துக் கொத்தாய்க் கொட்டியது. ஆனால் மூச்சு வாங்குவது கொஞ்சம் தணிந்தது. மல்லாந்து படுத்துத் தூங்கினார்.

அவருக்கு நோய் திரும்பிய விஷயம் தெரிந்து என் தம்பி திருச்சியிலிருந்து வந்தான். புத்தூர் ஸ்டேஷனில் அவனுக்காக நின்றேன். மலைக்கு முடி கொடுப்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் அத்தானின் நோயை மனதில் சுமந்துகொண்டு இறங்கியவன் என் தலையைத்தான் பார்த்தான், நெற்றியைப் பார்க்கவில்லை. பெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "ஒரு வார்த்தை சொல்லலியே அக்கா!" என்று தலையில் அடித்துக்கொண்டு கதறினான். அதே நேரம் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், "மலைக்குப் போய்க்கினு வந்தியா? உன் தாலிக்கு ஒரு கொறையும் வராது" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள்மேல் பாய்ந்துவிடலாம்போல ஆத்திரம் வந்தது. அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று தம்பியிடம் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவன் தப்பாக அழவில்லை, கொஞ்சம் முந்திக்கொண்டான், அவ்வளவுதான். முந்தானையை இழுத்து மொட்டையை மூடிக்கொண்டேன். குங்குமம் மட்டும் வெளியே தெரிந்தது.