அத்தியாவசியப் பணிக் கடிதம்

1. கொரோனா பரவியதால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. குழந்தைகள் காப்பகத்தை மூடினார்கள். மகளுக்கு அப்போது இரண்டு வயது.

2. கணவர் வேலை பார்த்த கார் விற்பனைக் கடையும் மூடியது. நான் கணினித் தரவு மையம் ஒன்றில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பராமரிப்பவள். அத்தியாவசியப் பணி என்று முதலாளி கடிதம் கொடுத்தார். சாலைத் தடுப்பில் அதைக் காட்டினால்தான் விடுவார்கள்.

3. நான் போகும் நாட்களில் மகளைக் கணவர் பார்த்துக்கொண்டார். எட்டு நாள்.

4. ஒன்பதாம் நாள் காலை கடிதத்தை நான்காகக் கிழித்தார்.

செந்தூல் அடுக்குமாடியில் எங்கள் வீடு. நான் பூட்ஸைக் கட்டிக்கொண்டிருந்தேன். மகள் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"நான் என்ன உன் வீட்டு வேலைக்கார மெய்டா? ஆம்பள டயப்பர் மாத்துறான், பொம்பள லோரிக்காரன் மாதிரி பூட்ஸ் போட்டுட்டுப் போறா. கூட்டாளிங்க சிரிக்கிறானுங்க லா."

"என் ஷிஃப்ட் எட்டு மணிக்கு. ஆபீஸ்ல வேற லெட்டர் அடிச்சுக் குடுப்பாங்க."

"அடிக்கணுமா? நானே அடிச்சுக் குடுக்கிறேன்."

முதல் அறை காதின் மேல் விழுந்தது. இரண்டாவதில் தலை சுவரில் மோதியது. கஞ்சிக் கிண்ணம் பறந்து உடைந்தது. எழுந்து கதவு நிலையைப் பிடித்தேன். என் வலது கை அங்கே இருப்பதைப் பார்த்துக்கொண்டே கதவை அறைந்து சாத்தினார். நடுவிரல் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"இப்போ போ. நீ எந்தக் கையால ஸ்பேனர் பிடிக்கிறேன்னு பாக்குறேன்."

எதிர்வீட்டு ஆன்டி கதவைப் படபடவென்று தட்டினார். "தம்பி, பிள்ள அழுவுது, என்னா பண்றீங்க உள்ள?" கணவர் கதவைத் திறந்து, சிரித்த முகத்தோடு, "ஒண்ணுமில்ல ஆன்டி, கிண்ணம் விழுந்துருச்சு" என்றார். அவர் முதுகு எனக்குத் தெரிந்த அந்த நேரத்தில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கார் சாவியையும் கிழிந்த துண்டுகளையும் எடுத்துக்கொண்டு, இருவரையும் தாண்டி வெளியேறினேன். ஆன்டி வழிவிட்டார். பிறகு கதவை மறித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

இடது கையால் ஓட்டினேன். சாலைத் தடுப்பில் நான்கு துண்டுகளையும் ஸ்டியரிங்கின் மேல் சேர்த்து வைத்துக் காட்டினேன். போலீஸ்காரர் கடிதத்தைப் படிக்கவில்லை. வீங்கியிருந்த கையைப் பார்த்தார். வேலைக்கா, மருத்துவமனைக்கா என்று மலாயில் கேட்டார்.

"புகார் கொடுக்கணும்" என்றேன். அதுவரை அப்படி ஓர் எண்ணம் எனக்கு இருக்கவில்லை.

விவாகரத்து முடிந்துவிட்டது. நானும் மகளும் கிள்ளானில் வாடகைக்கு இருக்கிறோம். அதே வேலையில் இருக்கிறேன். நடுவிரல் பாதிதான் மடங்கும். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் மகளைப் பார்க்க வருகிறார். அவளை அவரோடு தனியாக விடுவதில்லை.