தொப்பி போட்ட கழுதை

மலாயாவில், கோலா கிளாவாங் போகும் வழியில் ஒரு ரப்பர்த் தோட்டத்து வாசலில் பஸ்ஸை நிறுத்திப் பைகளைக் குடைகிறார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதாம். என் பையில் அரிசி இல்லை, பழைய ஸ்பானிய அச்சுப்படம் ஒன்று இருக்கிறது. அதில் தொப்பி போட்ட கழுதை ஒரு கூலியாள் முதுகில் சவாரி போகிறது. அந்த ஊர்ப் பெரிய மனிதர்களைக் கிண்டலடித்து எவனோ செப்புத் தகட்டில் செதுக்கியது.

காவல்காரர் முறைக்கிறார். "யாருய்யா இது? நம்ம கிராணியா?"

"ஸ்பெயின்காரருங்க," என்கிறேன். இந்த அவசரகாலத்தில் இதைவிடச் சின்னக் காகிதத்துக்கே ஆளை உள்ளே தள்ளுகிறார்கள்.

ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியே வந்து பார்க்கிறார். "சேச்சே, இது மண்டோர்லா!" என்கிறார்.

வேலை வாங்கும் மண்டோர் பார்த்துவிட்டு வாயே திறக்கவில்லை. வாசலில் நின்ற ஜீப்பிலிருந்த வெள்ளைக்காரத் துரை படத்தை வாங்கி, வயிறு குலுங்கச் சிரிக்கிறார். பக்கத்துத் தோட்டத்துத் துரை அச்சு அசலாக இப்படித்தானாம்! படத்தை அவரே வைத்துக்கொள்கிறார்.

ஜீப் கிளம்பவில்லை. துரை இறங்கவுமில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மடியில் இருக்கும் படத்தை ரசிக்கிறார். கிராணி, மண்டோர், காவல்காரர், நான், நாலு பேரும் பின்னாலிருந்து தள்ளுகிறோம்.

மூச்சிரைக்க மண்டோர் என் காதில் கேட்கிறார்: "இப்பச் சொல்லட்டுங்களா, அது யாருன்னு?"