ஆத்தா வந்த லீவு

போன மாதம் ஒரு காலையில் முனியாண்டி என் மேசை முன்னால் வந்து நின்றார். முகமெல்லாம் கொப்புளம் காய்ந்த வடு. நெற்றி நிறையத் திருநீறு. ஆள் பல நாளாய் வேலைக்கு வரவில்லை.

முனியாண்டி எங்கள் அரிசிக் கிடங்கில் மூட்டை நிறுக்கிறவர். நான் – உங்களுக்குத்தான் தெரியுமே – அதே கம்பெனியின் பீச் ஸ்ட்ரீட் ஆபீஸில் சம்பளக் கிராணி. யார் வந்தார், யார் வரவில்லை, வராதவர் ஏன் வரவில்லை... இதை எழுதுவதுதான் என் பிழைப்பு.

எங்கள் சம்பளப் புத்தகத்தில் வராதவருக்கு இரண்டே கட்டம். ஒன்று சிக் லீவு. டாக்டர் சீட்டு வேண்டும். மற்றது ஸ்பெஷல் லீவு. கல்யாணம், சாவு, பண்டிகை. இரண்டிலும் அடங்காதவர் பெயரை அடித்துவிட வேண்டும். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து எங்கள் வெள்ளைக்காரத் துரை இதில் ரொம்பக் கறார். பெயர் அடிபட்டவருக்கு இந்தப் பினாங்கில் வேறு வேலை ஏது? ஊருக்குத் திரும்ப நாகப்பட்டினம் கப்பல்தான். முனியாண்டிக்கோ ஆயர் ஈத்தாமில் மனைவி, பிள்ளைகள்.

டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டேன். அம்மை போட்ட வீட்டில் டாக்டருக்கு என்ன வேலை என்று அவர் என்னைக் கேட்டார். நியாயம்தான். எங்கள் வீட்டிலும் கூப்பிட மாட்டோம். சரி, நோய் என்று துரையிடம் சொல்லிவிடுங்கள், முகமே சாட்சி, சீட்டுக்கு நான் கெஞ்சிப் பார்க்கிறேன் என்றேன்.

முனியாண்டி சட்டென்று பின்வாங்கினார்.

“நோயின்னு எழுதிடாதீங்க கிராணியாரே. வந்து குளுந்து போனவளை நோயின்னு சொன்னா, கோவிச்சுக்கிட்டு புள்ளைங்க மேல எறங்கிருவா. வேலை போனாப் போகட்டும்.”

துரை முன் கொண்டுபோய் நிறுத்தினேன். துரை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த முகத்தை வெகு கிட்டத்தில் பார்த்தார். நோயா என்றார். இல்லை, எங்கள் அம்மன் அவர் வீட்டுக்கு வந்திருந்தாள் என்றேன். அப்படியானால் பண்டிகையா? ஏறக்குறைய என்றேன். எத்தனை நாள் பண்டிகை? அது அம்மன் இஷ்டம், தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் முடியும் என்றேன்.

துரை யோசித்தார். ஸ்பெஷல் லீவு என்று எழுதச் சொன்னார். அதற்கு ஈடாக முனியாண்டியின் தீபாவளி லீவையும் தைப்பூச லீவையும் அடிக்கச் சொன்னார். வேலை தப்பியது. முனியாண்டி கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலில் ஊரே காவடி எடுக்கும்போது இந்த மனிதர் மூட்டை நிறுப்பதா?

இரண்டு வாரம் கழித்துத் துரை ஆபீஸுக்கு வரவில்லை. பங்களாவிலிருந்து டாக்டர் சீட்டு வந்தது.

அம்மை.

முனியாண்டி கேள்விப்பட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இந்தத் திங்கட்கிழமை துரை வடுவோடு திரும்பி வந்தார். முதல் வேலையாக முனியாண்டியின் தீபாவளியையும் தைப்பூசத்தையும் திருப்பிக் கொடுத்தார். படுத்துப் பார்த்தாராம், அது பண்டிகை மாதிரியே இல்லையாம். இரண்டு பேர் லீவையும் சிக் லீவில் எழுது, முனியாண்டிக்குச் சீட்டு வேண்டாம் என்றார்.

எழுதினேன். துரை உத்தரவாயிற்றே. முனியாண்டியிடம் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது.

“நோயின்னு எழுதுனது என் கை இல்லையே, கிராணியாரே?”

இல்லை, என் கைதான் என்றேன். நிம்மதியாகப் போய்விட்டார்.

எங்கள் வீட்டு வாசலில் இப்போது வேப்பிலை தொங்குகிறது. யாருக்கும் ஒன்றுமில்லை... ஒரு முன்ஜாக்கிரதைதான்.