படியில் விழுந்த தழும்பு

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெத்தது நாலு, வளர்த்தது அஞ்சு. ஐந்தும் உயிரோடு இருக்கின்றன, ஐந்தும் நிமிர்ந்து நடக்கின்றன. கோவில்பத்தில் என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், துணியையும் வெளுப்பாள், பிள்ளையையும் வெளுப்பாள் என்பார்கள். அதில் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை, பெருமைதான். மூணாவது வரைக்கும் படித்தவள் நான். எழுத்து கூட்டிக் கூட்டித்தான் வரும், அதனால் மெதுவாகவே சொல்கிறேன்.

அஞ்சாவது, என் மகள் வயிற்றுப் பேத்தி. மகளைக் கட்டிக்கொடுத்தது போலகம் என்கிற ஊரில். மருமகன் குடிப்பான், குடித்தால் அடிப்பான். ஒருநாள் அவள் கையை முறுக்கி எலும்பை உடைத்துவிட்டான் என்று போன் வந்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்த அரிவாள்மனையைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால், மகள் சுவரோரம் கையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டரை வயசுப் பிள்ளை, அடித்தானே அவன், அவன் காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. பிய்த்தெடுத்தேன். "அப்பா, அப்பா" என்று அலறியது.

"அவன் ரத்தம்தானே, வேற எங்க போவும்" என்று அதன் முதுகிலும் ஒன்று வைத்தேன். பையிலிருந்த அரிவாள்மனையை எடுத்து அவன் முன்னால் போட்டேன். அவன் நகரவில்லை. இருவரையும் கூட்டி வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கை எப்படி ஒடிந்தது என்று கேட்டார்கள். மகள், "வழுக்கி விழுந்துட்டேங்க" என்றாள். அவளையும் அறையலாம் போல இருந்தது எனக்கு.

எலும்பு கூடியதும் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பினாள். சொன்னால் பிள்ளை அழும் என்று, அது மத்தியானம் தூங்குகிற நேரம் பார்த்து நான்தான் வண்டி ஏற்றிவிட்டேன். எழுந்து வீடு முழுக்கத் தேடியது. அழவில்லை. கொடியில் கிடந்த அம்மாவின் பச்சை நைட்டியை இழுத்து வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு சோறு, தூக்கம் எல்லாம் அந்த நைட்டியோடுதான். யாராவது அதைத் தொட்டால் கடித்தது.

பத்து நாளில் நைட்டி நாறிப்போனது. என் வீட்டில் அப்படி ஒரு துணியா? பிள்ளை தூங்கும்போது உருவி, சோடா போட்டு வெந்நீரில் ஊறவைத்து, அடித்துத் துவைத்து வெயிலில் காயப்போட்டேன். அது எழுந்து வந்ததும் பளிச்சென்று மடித்துக் கையில் கொடுத்துவிட்டுத் தோசை ஊற்றப் போனேன். பிள்ளை முகத்தில் வைத்து மோந்தது. திருப்பி இன்னொரு பக்கம் மோந்தது. கீழே போட்டது. சிமெண்டுத் தரையில் தலையை முட்ட ஆரம்பித்தது. தேங்காய் உடைக்கிற சத்தம் அது. கையில் இருந்த கரண்டியோடு ஓடித் தூக்கப் போனேன். என் முன்கையில் பல்லைப் பதித்தது, விடவே இல்லை. சதை பிய்ந்து ரத்தம் வழிந்தது. தோசைக் கரண்டியால் வீசினேன். இடது புருவம் பிளந்துகொண்டது.

அப்போதுதான் அழுதது, அம்மா போன பிறகு முதல் தடவையாக. வாசல் கதவு திறந்துதான் கிடந்தது. ஓடியிருக்கலாம். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ராத்தா வந்து, "வா தங்கம், எங்கிட்ட வா" என்று கையை நீட்டினாள். அந்தப் பிள்ளையை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னவள் இல்லை அவள். அவளிடம் போகவில்லை. கரண்டியோடு நின்ற என் முழங்காலைக் கட்டிக்கொண்டு, ரத்த முகத்தை என் புடவையில் புதைத்தது.

போலகத்தில் பார்த்த அதே பிடி. அவன் நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன். அவன் ரத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. பயந்துபோன பிள்ளைக்கு ஓடிப் போய் ஒட்டிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பயமுறுத்துகிறவளே அந்த ஆளாக இருந்தால் அது எங்கே போகும்? கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

ராத்தா தரையில் கிடந்த நைட்டியைப் பார்த்தாள்.

"இத ஏன் புள்ள தொவச்சே?"

"நாறுச்சு ராத்தா."

"நாறுனது ஒனக்கு. அதுக்கு அதுதான் அம்மா. எங்க வூட்டுக்காரர் துபாய் போனா அவர் கைலிய மூணு மாசம் தண்ணியில நனைக்க மாட்டேன் நானு. வெளுக்குறாளாம் வெளுக்குறா."

நாலு தையல் போட்டார்கள். எப்படிப் பட்டது என்று கேட்டார்கள். "படியில விழுந்துடுச்சுங்க" என்றேன். மகள் இதே மாதிரி சொன்னபோது அறையக் கை பரபரத்தவள் நான்.

அன்று கட்டியிருந்த புடவையில் ரத்தத்தை மட்டும் அலசிவிட்டு, அதையே கட்டினேன். இரண்டு வாரம். முந்தானையைப் பிடித்தபடி பிள்ளை என்னோடு அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடந்தது. "மீன்கூடைக்காரி தோத்தா போ" என்று ராத்தா மூக்கைப் பொத்திக்கொண்டாள். கை ஓங்குவது அதோடு நின்றதா என்றால், இல்லை. ஓங்குவேன். பிள்ளை வந்து அந்தக் கையையே பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்துப் பிடித்துத்தான் நின்றது.

மூணு வருஷம் கழித்து மகள் வந்தாள். பிள்ளை கொஞ்ச நேரம் முறைத்தது. பிறகு அவள் வயிற்றிலும் மாரிலும் குத்தியது. மகள் அதன் கையைப் பிடிக்கப் போனாள்.

"வாங்கிக்கடி. நகராத" என்றேன்.

இன்னும் ரெண்டு குத்து குத்தட்டும் என்றும் எனக்குள் இருந்தது. குத்திக் களைத்து, அது அவள் புடவையில் முகத்தை வைத்து மோந்தபோது, நான் கொல்லைப்பக்கம் போய்க் காயாத துணியை எல்லாம் எடுத்தேன்.

இப்போது அது காலேஜுக்குப் போகிறது. போன வாரம் கண்ணாடி முன்னால் நின்று, புருவத்தில் முடி முளைக்காத இடத்தை மைப் பென்சிலால் நிரப்பிக்கொண்டே கேட்டது.

"அம்மாச்சி, படியில விழுந்தேன், படியில விழுந்தேன்னு சொல்றீங்களே. நம்ம வூட்டுல ஏது படி?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டது. அன்றிலிருந்து இதை அதன் பழைய நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்தா கண்ணு. எழுத்து கோணலாகத்தான் இருக்கும். உட்கார்ந்து சத்தமாகப் படி, எனக்குக் கேட்கட்டும். கரண்டி வருகிற இடத்தைத் தாண்டிப் போய்விடாதே.