வரிசைக்கு நடுவே விழுந்த விதை

அபிராமம் பக்கத்துக் கிராமங்களில் வரிசை விதைப்பு இயந்திரத்தைப் பரப்புவதுதான் என் வேலை. அங்கெல்லாம் மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் நெல்லைக் கையால் வீசி விதைப்பது வழக்கம். அதை மாற்றச் சொல்லி நாயாய் அலைந்தேன். டீ கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை.

கடைசியில் ஒருவர் சம்மதித்தார். "இந்த வருசம் வெளஞ்சா இங்கனயே இருந்துருவேன். இல்லேன்னா திருப்பூரு பனியன் கம்பெனிதான்" என்றார். அதைக் கேட்டு அவர் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

மழை பெய்து, பயிர் கோடு போட்டது போல முளைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கோ அது பாதி வயலாகத் தெரிந்தது. "என்ன மதினி, வெதை பத்தலையாக்கும்?" என்று வரப்பில் போகிறவர்கள் எல்லாம் அந்தப் பெண்ணைக் கேலி செய்தார்கள்.

பொறுத்துப் பார்த்தாள். கணவர் ராமநாதபுரம் போயிருந்த ஒரு காலையில், வீட்டில் மிச்சமிருந்த விதைநெல்லை அள்ளிப்போய் வரிசைகளுக்கு நடுவே தூவிவிட்டாள். களையெடுக்கும் கருவி ஓடவும் வேர் பரவவும் விட்டிருந்த இடம் அது. வயல் நிரம்பியதும், பிந்திய விதை முளைத்திருக்கிறது என்று அவர் நம்பினார்.

கார்த்திகையோடு மழை நின்றது. நெருக்கியடித்து நின்ற பயிர், இருந்த கொஞ்ச ஈரத்துக்கும் அடித்துக்கொண்டு, பால் பிடிக்கும் சமயத்தில் வெளுத்துப்போனது. பக்கத்து வயல்கள் பாதியாவது தேறின. இவர்களுக்கு வைக்கோல்தான் மிஞ்சியது.

அவர் திருப்பூருக்குப் பஸ் ஏறிய பிறகு அவள் என்னிடம் சொன்னாள். "நாந்தேன் மேடம் தூவுனேன். கூட்டத்துக்கு ஆம்பளைகளத்தானே கூப்பிட்டீக? எடவெளி எதுக்குன்னு எனக்கு யாரு சொன்னா? அவுககிட்ட மட்டும் சொல்லிறாதீக."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது? அவளுக்கு அவர் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஊர் இயந்திரத்தைத் தலைமுழுகியது.

இந்தப் புரட்டாசியில் மறுபடி போனேன். வாசலிலேயே நிறுத்தினாள்.

"உங்கள உள்ள விடக்கூடாதுன்னு போன்ல கண்டிசனாச் சொல்லிருக்காக" என்றாள். சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். தெருவில் நின்றே குடித்தேன்.

"பொங்கலுக்காவது வாராரா?"

"எங்க மேடம்... மெஷினு கெடுத்த காட்டுல வந்து என்னத்தப் பாக்கச் சொல்றேங்குறாக. நானும் ஆமாங்குறேன்."