வெள்ளைப் போத்தல்

அந்த அறையில் அன்று நான்கு பேர் இருந்தோம். என் அண்ணன், அண்ணி, நான், மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர். அம்மா வரவில்லை. காரில் ஏறினால் அவருக்குத் தலை சுற்றும். அதுவும் தஞ்சோங் காராங் தாண்டி, வாய்க்காலை விடாமல் பிடித்துக்கொண்டே போகும் அந்த ரோட்டில் சபாக் ஆஸ்பத்திரி வரை என்றால் கேட்கவே வேண்டாம். "படிச்சவன் கூடப் போறான்ல, நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

படிச்சவன் என்பது நான். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள். அண்ணன் பள்ளியை விட்டுவிட்டு செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் ஏறியதால்தான் என்னால் போக முடிந்தது. மலாய் அண்ணனுக்கு என்னைவிட நன்றாக வரும். ஆனாலும் டாக்டர் முன்னால் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். "படிச்ச மூஞ்சி ஒன்னு பக்கத்துல இருந்தா மரியாதையா பேசுவாங்க லா," என்பார்.

எங்கள் ஊர் கோலா சிலாங்கூரிலேயே கிளினிக் உண்டு. அங்கே நாங்கள் போவதில்லை. மருந்துக்கு வரிசையில் நின்றால் முன்னால் ஒரு சொந்தக்காரர், பின்னால் எஸ்டேட்டில் பக்கத்து வீட்டில் இருந்தவர் என்று யாராவது இருப்பார்கள். அண்ணனுக்கு எச்.ஐ.வி. இருப்பது அம்மாவுக்கும் அண்ணிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அண்ணிக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். அண்ணனே சொன்னார். சொன்ன அன்று போனவர், ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்து, டாக்டரைத் தானும் பார்க்க வேண்டும் என்றார். தினமும் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நின்றால், உடலுறவின் வழியாக அது மனைவிக்குப் போகாது, பிள்ளையும் பெற்றுக்கொள்ளலாம் என்று டாக்டர் விளக்கினார். அண்ணி அந்தச் சொல்லை நம்பித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அந்த வருடம் டாக்டர், "இப்போது நீங்கள் பிள்ளைக்கு முயற்சி செய்யலாம்," என்று சொல்லியிருந்தார். அண்ணிக்கு அப்போது முப்பத்தேழு வயது. அண்ணன் சந்தோஷத்தில் நேராகக் கோயிலுக்குப் போய் முருகனிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை வரம் வேண்டும், பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன், ஒரு மண்டலம் விரதம் இருக்கிறேன். லோரியும் ஓட்டிக்கொண்டு, பகல் முழுக்கத் தண்ணீரும் பாலும் மட்டும் குடித்து, இருட்டிய பிறகு ஒரு வேளை மரக்கறிச் சோறு. பால்குடமும் எடுத்தார். வெயிலில் வெறுங்காலோடு நடந்தார்.

அந்த விரதம் முடிந்து கொஞ்ச நாளில் எடுத்த இரத்தத்தின் முடிவைத்தான் டாக்டர் இப்போது பார்த்துக்கொண்டிருந்தார்.

கிருமி மறுபடியும் தெரிந்தது.

"மாத்திரையை விட்டுவிட்டீர்களா?"

"ஒரு நாள்கூட இல்ல டாக்டர்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. இன்னொரு முறை இரத்தம் எடுக்க வேண்டும், மருந்துக்குக் கிருமி பழகிவிட்டதா என்று பார்க்க வேண்டும், அண்ணியும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அளவு இறங்கும்வரை ஆணுறை கட்டாயம், பிள்ளைப் பேச்சைத் தள்ளிவைக்க வேண்டும் என்றார். அடுத்த அறையில் மருந்தாளர், சின்ன வயது மலாய்ப் பெண், பொறுமையாகக் கேட்டார். வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா? நாட்டு மருந்து, ஜாமுக் கஷாயம், சத்து மாத்திரை? அண்ணன் இல்லை என்று தலையாட்டினார். நானும் இல்லை என்றேன். அதைச் சொல்வதற்குத்தானே என்னைக் கூட்டிப் போயிருந்தார்கள்.

திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். பின் இருக்கையில் அண்ணி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வயல் முழுக்கத் தண்ணீர் கட்டி நின்றது.

"வேற ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"வேற என்னா?"

"மாத்திரையத் தூக்கிப் போடறீங்களா? இல்ல, வேற எங்கயாச்சும் போய்ட்டு வரீங்களா?"

"தம்பி இருக்கான், என்னா பேச்சு இது."

"தம்பிக்குத் தெரியாதது என்னா இருக்கு இந்த வீட்டுல? நான் தெரிஞ்சே வந்தேன். ஏமாந்து வரல. இப்ப ஏமாத்தினா தாங்க மாட்டேன்."

அண்ணன் பதில் சொல்லவில்லை. பொய் சொல்கிறவர் பேசாமல் இருந்தாலும், பொய்யே சொல்லாதவர் மனம் விட்டுப்போய்ப் பேசாமல் இருந்தாலும், பார்ப்பதற்கு ஒன்றாகத்தான் இருக்கிறது. அண்ணி அந்த வாரமே ரவாங்கில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போனார். பெரிய பை ஒன்றை எடுத்துப் போனதை அம்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்று இரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வந்ததே அண்ணனை நம்பாததற்குத்தான்.

"எம்மவன் மாத்திரைய உட்டான்னு எவன் சொன்னது? தெனம் நாந்தானே என் கையால குடுக்கறேன்! அடுத்த தடவ நான் வரேன். அந்த டாக்டரு முன்னாடி நானே சாட்சி சொல்றேன்."

"உனக்குக் காரு ஒத்துக்காதேம்மா."

"செத்தா போய்டுவேன்? எலுமிச்சம்பழத்த எடுத்துக்கறேன், வண்டிய எடு."

அப்படித்தான் அம்மா அடுத்த முறை சபாக்குக்கு வந்தார். ஒரு கையில் எலுமிச்சம்பழம், இன்னொரு கையில் வாந்தி வந்தால் பிடிக்கப் பிளாஸ்டிக் பை. டாக்டர் சிரித்துக்கொண்டே எங்களை மருந்தாளரிடம் அனுப்பினார். அம்மா நாற்காலியில் உட்காரவில்லை. கோர்ட்டில் நிற்பதுபோல நின்றார். என்னை மொழிபெயர்க்கவும் விடவில்லை. தனக்குத் தெரிந்த எஸ்டேட் மலாயிலேயே ஆரம்பித்தார். வார்த்தை கிடைக்காத இடத்தில் கை பேசியது.

விரத நாளில் மகன் வேலை முடிந்து வருவான். குளிப்பான். சாமி கும்பிடுவான். வெறும் வயிறு, அவ்வளவு பெரிய மாத்திரை, எரியும் இல்லையா? அதனால் முதலில் ஒரு கரண்டி. அம்மா கண்ணுக்குத் தெரியாத போத்தலைக் குலுக்கி, கண்ணுக்குத் தெரியாத கரண்டியில் ஊற்றி, அண்ணன் வாயருகே நீட்டினார். அண்ணன் பழக்கத்தில் வாயைத் திறந்துவிட்டார். பிறகு மாத்திரை. அம்மா அதையும் வைத்தார். "தெனம். ஒரு நாள் தப்பாது. கேளுங்க இவன."

மருந்தாளர் சிரிக்கவில்லை. "அந்தக் கரண்டியில் என்ன, மாக்சி?" என்று மலாயில் பெரியம்மா முறை வைத்துக் கேட்டார்.

"வெள்ளத் தண்ணி. கடையில விப்பாங்களே, கேஸ்ட்ரிக்குக்கு."

எங்கள் பக்கம் கேஸ்ட்ரிக் என்கிற வயிற்றெரிச்சல் இல்லாத ஆள் கிடையாது. மளிகைக் கடையில் உப்பு புளியோடு சேர்த்து வாங்குகிற சாமான் அது. அலமாரியில் சீயக்காய்க்குப் பக்கத்தில் நிற்கும். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் அது எங்கள் யாருடைய நினைவுக்கும் வராது.

மருந்தாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, அம்மாவைக் கட்டாயப்படுத்தி உட்கார வைத்தார். அந்த வெள்ளை மருந்து வயிற்றுக்குள் இந்த மாத்திரையைப் பிடித்துக்கொள்ளும், இரத்தத்தில் பாதிகூடச் சேர விடாது என்றார். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி வேண்டும். மாத்திரையை முதலில் போட்டால் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வெள்ளை மருந்து. வெள்ளை மருந்தை முதலில் குடித்துவிட்டால் ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளையும் கேட்காமல் சேர்க்கக் கூடாது. வயிறு எரிந்தால் இங்கே வந்து சொல்லுங்கள், ஒத்துப்போகிற வேறு மருந்து தருகிறோம், ஆனால் பயந்துபோய் நீங்களாகவே எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

"முன்னாடியும் இப்டித்தானே குடுத்தேன்?" என்றார் அம்மா. குரல் இறங்கிவிட்டது. "விரதத்துக்கு விரதம் குடுத்தேனே. ஒன்னும் ஆகலயே."

அது பழைய மாத்திரை என்றார் மருந்தாளர். கெட்ட கனவு வருகிறது, காலையில் லோரி ஓட்டத் தலை கிறுகிறுக்கிறது என்று அண்ணன் சொன்னதால் போன வருடம் மாற்றிக் கொடுத்தது வேறு. பழையதற்கு வெள்ளை மருந்தால் இவ்வளவு கெடுதல் இல்லை. புதியதற்கு உண்டு. மாற்றியபோது விளக்கத்தாள் கொடுத்திருந்தார்கள். அண்ணன் அந்த மாதிரித் தாள் எதையும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. லோரியில் கூட வருகிற பையன்கள் கண்ணில் பட்டுவிடும் என்று கிளினிக் வாசலிலேயே கிழித்துப் போட்டுவிடுவார்.

அம்மா எழுந்தார். "அப்ப நாந்தானா?" என்று என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார். நான் குனிந்து அவருடைய பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டேன்.

தஞ்சோங் காராங் பக்கம் வரும்போது வண்டியை நிறுத்தச் சொன்னார். வாய்க்கால் கரையில் வாந்தி எடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். அண்ணன் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"எனக்கு வயிறு எரியக் கூடாதுன்னு பாத்துக்கிட்ட. அந்தக் கிருமிக்கும் எரியக் கூடாதுன்னு பாத்துக்கிட்ட. உன்ன மாதிரி நல்ல மனசு யாருக்கும்மா வரும்?"

அம்மா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். சிரிப்பு வந்தது, கூடவே அழுகை வந்து, அழுகைதான் மிஞ்சியது. "புள்ள வேணும்னுதானடா விரதம் இருந்த. அந்த விரதத்துக்குத்தானடா நான் ஊத்தினேன்."

வீட்டுக்கு வந்ததும் அண்ணிக்குப் போன் செய்து சொன்னேன். அண்ணி என்னை முழுவதும் சொல்ல விட்டார். பிறகு, "அத்தை சாப்ட்டாங்களா?" என்று கேட்டார். மறுநாள் வந்துவிட்டார். அண்ணனிடம் மன்னிப்பு கேட்டாரா, அண்ணன் மன்னித்தாரா என்பது எனக்குத் தெரியாது. அந்த வாரம் முழுக்க இருவரும் ஒருவருக்கொருவர் தேவைக்கு மேல் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள்.

அண்ணிக்கு ஒன்றும் இல்லை என்று பரிசோதனை சொன்னது. சில மாதம் கழித்து மறுபடி பார்த்தபோதும் அதையே சொன்னது. கிருமி மாத்திரைக்குப் பழகியிருக்கவும் இல்லை, அண்ணனின் கிருமி அளவு மெல்ல இறங்கி மறைந்தது. ஆனால் டாக்டர் ஒரு பரிசோதனை முடிவோடு திருப்தி அடையவில்லை. இறங்கியது அப்படியே நிற்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றார். அவர் மறுபடியும் சரி என்று சொல்வதற்குள் இன்னொரு பங்குனி உத்திரம் வந்து போயிருந்தது. அந்த வருடம் அண்ணன் விரதம் இருக்கவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

மாதங்கள் போயும் பிள்ளை தங்கவில்லை. அண்ணிக்கு முப்பத்தொன்பது. கிள்ளானில் ஒரு தனியார் கிளினிக், அண்ணனின் நோயைச் சொன்னதும் கதவைச் சாத்திக்கொண்டது. இன்னொன்று ஏற்றுக்கொண்டது. அங்கே டாக்டர், வயது ஏற ஏற வாய்ப்பு குறையும், இரண்டு வருடம் முன்பு வந்திருந்தால் நடந்திருக்குமா என்றால் அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்த இரண்டாவது பாதியை வீட்டில் அம்மாவிடம் பல தடவை சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது.

அம்மா சீட்டுபோல மாதாமாதம் கட்டிவந்த கூட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு வந்து அண்ணியின் மடியில் வைத்தார்.

"என்னா அத்தை இது?"

"போத்தலுக்கு."

அண்ணி அதைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். அம்மா வாங்கவில்லை. அண்ணன் சேர்த்துவைத்திருந்ததும் என் சம்பளத்தில் நான் போட்டதும் அதோடு சேர்ந்து சோதனைக் குழாய்க் கருத்தரிப்பு ஒரு முறைக்குப் போதுமானதாக இருந்தது. அந்த ஒரு முறை பிடிக்கவில்லை. இன்னொரு முறை பற்றி வீட்டில் இன்னும் யாரும் வாயைத் திறக்கவில்லை. மாத்திரை மட்டும் சோற்றுக்கு முன்னால் தனியாக, வெறும் தண்ணீரோடு போகிறது. கிள்ளானில் கட்டியது பதினேழாயிரத்து அறுநூறு ரிங்கிட்.